லாங்கே குன்றுகளில் இலையுதிர்காலம்: பண்ணை விடுதி, ஒயின், வெள்ளை டிரஃபிள் பற்றி ஒரு மதிப்பீடு

வட இத்தாலியின் பியமோந்தே மாநிலத்தில், ஆல்பா நகரைச் சுற்றிப் பரந்து கிடக்கும் லாங்கே குன்றுகளுக்குச் சாப்பிடவும் ஒயின் அருந்தவும் போக நினைப்பவர்கள் முதலில் வாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடுதியை அதற்குப் பிறகு தேடினால் போதும். மொஸ்காத்தோ, ஆர்னேயிஸ் திராட்சைகளைச் செப்டம்பர் தொடக்கத்திலேயே பறித்துவிடுவார்கள். அடுத்து தொல்செத்தோ, பிறகு பார்பேரா, கடைசியில் நெபியோலோ. நெபியோலோ அறுவடை செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை ஓடும். அக்டோபரின் பின்பாதியில் கொடிகள் நிறம் மாறும்: நெபியோலோ தோட்டங்கள் மஞ்சளாகவும் பார்பேரா தோட்டங்கள் சிவப்பாகவும் குன்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும். மண்ணுக்கடியில் வளரும் காளான் வகையான வெள்ளை டிரஃபிள் மணத்தின் உச்சத்துக்கு வருவதோ நவம்பரில்தான். சுற்றுலா விளம்பரங்கள் இந்த மூன்றையும் ஒரே படத்துக்குள் வைத்துவிடுகின்றன. அதை நம்பி அக்டோபர் முதல் வாரத்தில் போகிறவர்களுக்கு மணம் குறைந்த டிரஃபிளும், பேசக்கூட நேரமில்லாத ஒயின்காரர்களும்தான் கிடைக்கிறார்கள்.

உணவுதான் முதல் நோக்கம் என்றால் நவம்பரின் முதல் இரண்டு வாரங்கள், திங்கள் முதல் சனி வரை, ஒரே பண்ணை விடுதியில் ஐந்து இரவுகள். நாங்கள் பரிந்துரைப்பது இதுதான். மலைக் காட்சியும் வெயிலும் வேண்டுமென்றால் அக்டோபர் 20க்குப் பிந்தைய வாரம் நல்லது. அறுவடையைப் பார்த்தே தீருவேன் என்பவர்கள் செப்டம்பர் கடைசியில் போகலாம். ஆனால் அப்போது கந்தீனா எனப்படும் ஒயின் கூடங்களில் குழாயும் டிராக்டரும் தண்ணீரும்தான் எங்கும். பல கூடங்கள் அந்த வாரங்களில் விருந்தினரை ஏற்பதே இல்லை. நவம்பரில் நிலைமை வேறு. புதுச் சாறு நொதித்து அடங்கியிருக்கும், அல்லது கடைசித் தொட்டிகளில் இன்னும் தோலோடு ஊறிக்கொண்டிருக்கும். கூடம் முழுக்க அந்தப் புளித்த வாசனை நிறைந்திருக்கும். உரிமையாளரே கண்ணாடிக் கோப்பையோடு எதிரில் உட்கார்ந்து பேச அவருக்கு நேரமும் இருக்கும்.

நவம்பர் 1 இத்தாலியில் அரசு விடுமுறை. அது வெள்ளி அல்லது திங்களில் விழும் ஆண்டுகளில் அந்த வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். ஆல்பாவின் பன்னாட்டு வெள்ளை டிரஃபிள் சந்தை அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வார இறுதிகளில் கூடுகிறது. அந்த நாட்களில் அறை வாடகை ஏறும், உணவகங்களில் இடம் கிடைக்காது. சனிக்கிழமை காலை சந்தையைப் பார்த்துவிட்டு மதியமே கிளம்பிவிடுவது உத்தமம்.

அக்ரிதூரிஸ்மோ, அதாவது பண்ணை விடுதி, என்று பெயர்ப்பலகை வைத்த இடமெல்லாம் ஒன்றுபோல இருக்காது. 1985இல் வந்த சட்டமும் அதற்குப் பதிலாக 2006இல் வந்த சட்டமும் ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கின்றன: விவசாயம்தான் முதன்மைத் தொழில், விருந்தோம்பல் அதோடு ஒட்டிய துணைத் தொழில். அதனால் நல்ல பண்ணையில் மேசைக்கு வரும் ஒயினும் ஹேசல்நட்டும் காய்கறியும் அந்த மண்ணிலேயே விளைந்திருக்கும், இல்லையென்றால் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்திருக்கும். முன்பதிவுக்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இரவு உணவு எந்தெந்த நாட்களில் உண்டு? ஒயின் சொந்தத் தயாரிப்பா? அறையில் வெப்பமூட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடும்? கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. இத்தாலியில் கட்டடங்களின் வெப்பமூட்டும் காலத்தைத் தட்பவெப்ப மண்டலம் வாரியாக விதிமுறை தீர்மானிக்கிறது. வடக்கின் பெரும்பகுதிக்கு அது அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. அதற்கு முன் குளிர்ந்தால் கம்பளிதான் துணை. கல்சுவர் வீடுகளில் அக்டோபர் பத்தாம் தேதி இரவு குளிர் எலும்பைத் தொடும்.

இருவருக்கான அறை, காலை உணவோடு, ஏறக்குறைய 100 முதல் 150 யூரோ. இதற்கு மேல் ஊராட்சிக்குப் போகும் தங்கல் வரி ஆளுக்கு, இரவுக்கு, சில யூரோ தனியாக வரும். இரவு உணவு நிலையான வரிசையில் 35 முதல் 45 யூரோ. வாரத்தில் மூன்று இரவாவது பண்ணையிலேயே சாப்பிடுங்கள். சமையலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, ஒயின் குடித்துவிட்டு இருட்டில் வளைவுச் சாலையில் கார் ஓட்ட வேண்டாம் என்பதற்காகவும்தான்.

பியமோந்தே விருந்தில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் அந்திபாஸ்தி, அதாவது முன்னுணவு. ஒன்றிரண்டு தட்டோடு நிற்காமல் நான்கு, ஐந்து வந்துகொண்டே இருக்கும். கத்தியால் பொடியாக நறுக்கிய பச்சைக் கன்றிறைச்சி, மெலிதாக அரிந்த கன்றிறைச்சியின் மேல் சூரைமீன் கூழ் தடவிய விதெல்லோ தொன்னாத்தோ, குடைமிளகாயோடு நெத்திலி, சுடச்சுட ஃபொந்தூத்தா என்னும் பாலாடைக்கட்டிக் குழம்பு. எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டால் பாஸ்தா வரும்போதே வயிறு மூடிவிடும். ஒவ்வொன்றிலும் பாதி போதும். மேசையில் கிடக்கும் நீளமான கிரிஸ்ஸீனி குச்சி ரொட்டியைத் தொடக்கத்தில் தொடாதீர்கள், அது ஒயினுக்கு வேண்டியது. பச்சை இறைச்சிக்கு இந்த ஊர் பயன்படுத்துவது பியமோந்தே நாட்டு மாடுகளின் கொழுப்பற்ற சதை. அன்றன்று நறுக்கியதாக இருக்க வேண்டும், நிறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஓரம் கருத்திருந்தால் நறுக்கி நேரமாகிவிட்டது என்று பொருள். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும்.

தயரின் என்னும் மெல்லிய முட்டைப் பாஸ்தாதான் லாங்கேயின் கையெழுத்து. ஒரு கிலோ மாவுக்கு 30 முட்டை மஞ்சள் கரு, சில வீடுகளில் 40 வரை. தண்ணீர் சேர்ப்பதில்லை. பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். இல்லாவிட்டால் தேய்க்கும்போது உள்ளே சுருங்கும். வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்து, சற்று உலரவிட்டு, மாவு தூவிச் சுருட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் கத்தியால் அரிவார்கள். உலரும் முன் சுருட்டினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். அதிகம் உலர்ந்தால் உடையும். கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் போதும். பண்ணைகள் நடத்தும் சமையல் வகுப்பில் பெரும்பாலோர் கெடுப்பது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். உலர்ந்த கடைப் பாஸ்தா போல எட்டு நிமிடம் விட்டால் கூழாகிவிடும். நல்ல தயரின் மஞ்சளாக, நுனியில் லேசாகக் கடிபடும்படி இருக்கும், தட்டில் வெண்ணெய் தேங்காது.

பூரணம் வைத்த பாஸ்தாவான அன்யொலோத்தி தெல் பிளின் இன்னும் நுட்பம். பிளின் என்றால் பியமோந்தே மொழியில் கிள்ளு. வறுத்த கன்று, பன்றி, முயல் இறைச்சியோடு கீரை சேர்த்து அரைத்த பூரணத்தைச் சிறு சிறு உருண்டையாக மாவுப் பட்டையில் வைத்து, மடித்து, இடையிடையே கிள்ளி, வெட்டுவார்கள். ஒன்று விரல் நுனி அளவுதான் இருக்கும். குழம்பே இல்லாமல் வெந்ததும் துணியில் சுற்றி அப்படியே மேசைக்குக் கொண்டுவரும் வழக்கம் உண்டு. பட்டியலில் அது கண்ணில் பட்டால் யோசிக்காமல் கேளுங்கள். மாவின் மெலிவும் பூரணத்தின் உப்பும் மறைப்பின்றித் தெரியும், சமையல்காரரின் கையும் தெரியும். துணியில் தர அஞ்சாத சமையலறை நல்ல சமையலறை. மற்றபடி வறுவல் சாறோடு வருவது நல்லது. தக்காளிக் குழம்பில் மிதக்கவிட்டுத் தரும் இடத்துக்கு இரண்டாம் முறை போக வேண்டியதில்லை.

குளிர் இறங்கியதும் பான்யா கவுதா தொடங்கும். பூண்டு, உப்பில் ஊறிய நெத்திலி, ஆலிவ் எண்ணெய் மூன்றையும் மிகச் சிறு தீயில் கரையவிட்டு, அடியில் விளக்கெரியும் மண்கலத்தில் வைத்து, காய்களை அதில் தோய்த்துச் சாப்பிடுவது. தீ கூடினால் பூண்டு சிவந்து கசந்துவிடும். அதுதான் இதில் வழக்கமான பிழை. நீத்ஸா மொன்ஃபெர்ராத்தோவின் வளைந்த கார்தோ தண்டு, குடைமிளகாய், முட்டைகோஸ் ஆகியவை தோய்க்க வரும். முற்றிய, துவர்ப்புள்ள ஒயின் இதோடு சண்டை போடும். இளம் பார்பேராதான் சரி. இதைச் சாப்பிட்ட மறுநாள் காலை ஒயின் சுவைப்புக்கு முன்பதிவு வைக்காதீர்கள், நாக்கில் பூண்டு நாள் முழுக்கத் தங்கும்.

பாலாடைக்கட்டிகளில் ஆட்டுப்பால் ரொபியோலா தி ரொக்காவெரானோவும், குனியோ மலைகளிலிருந்து வரும் நொறுங்கும் காஸ்தெல்மான்யோவும் கட்டாயம். கூடவே குன்யா வரும்: திராட்சைச் சாற்றைப் பேரிக்காய், க்வின்ஸ், ஹேசல்நட்டோடு மணிக்கணக்கில் காய்ச்சிய கருஞ்சிவப்பு ஜாம். இனிப்புகளில் கொக்கோவும் அமரெத்தி பிஸ்கட்டும் சேர்த்து வேகவைத்த பூனெத் எங்கும் கிடைக்கும். எங்கள் வாக்கு மாவு சேர்க்காத ஹேசல்நட் கேக்குக்கு.

இறைச்சியும் மீனும் சாப்பிடாதவர்கள் இந்த ஊரில் பட்டினி கிடக்க மாட்டார்கள், ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். “சென்சா கார்னே” என்று மட்டும் சொன்னால் நெத்திலி தட்டில் வந்துவிடும். “சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே, சென்சா ப்ரோதோ தி கார்னே” என்று இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு மூன்றையும் விலக்கிச் சொல்ல வேண்டும். வெண்ணெயும் சேஜ் இலையும் போட்ட தயரின், ஃபொந்தூத்தா, போர்ச்சீனி காளான், பொரித்த முட்டையின் மேல் டிரஃபிள் ஆகியவை நிம்மதியாகக் கிடைப்பவை. பழைய வகைப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலை உறையவைக்கும் விலங்கு ரென்னெட் உண்டு. முன்பதிவின்போதே எழுதிச் சொன்னால் பண்ணைச் சமையலறை தனியாக ஏற்பாடு செய்யும், அன்று மாலை சொன்னால் முடியாது.

இனி டிரஃபிள். பணம் வீணாவதும் இங்கேதான், ஒரு வாசனைக்காக இவ்வளவு தூரம் வந்தது தகும் என்று தோன்றுவதும் இங்கேதான். விலை எத்தோ கணக்கில், அதாவது 100 கிராமுக்குச் சொல்வார்கள். நல்ல ஆண்டில் கிராமுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 யூரோ, கோடை வறண்ட ஆண்டில் அதற்கு மேலும் போகும். மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் இது வளராது. ஒரு தட்டுக்கு 8 கிராம் போதும், 10 கிராம் தாராளம். கிராம் 4 யூரோ என்றால் 15 யூரோ தயரின் 47 யூரோவாகிறது. உணவகத்தில் டிரஃபிளை உங்கள் கண்முன் தராசில் நிறுக்க வேண்டும், சீவி முடித்ததும் மறுபடி நிறுக்க வேண்டும், குறைந்த எடைக்குத்தான் கட்டணம். தராசு வராமல் சீவத் தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லுங்கள், அங்கே அது மரியாதைக் குறைவில்லை. “போதும்” என்று சொல்ல வேண்டியதும் நீங்களே. நீங்கள் சொல்லும் வரை பரிமாறுபவர் சீவிக்கொண்டே இருப்பார்.

வெள்ளை டிரஃபிளைச் சமைக்கக் கூடாது. அதன் மணம் சூட்டில் பறந்துவிடும் சேர்மங்களில்தான் இருக்கிறது. சுடுதட்டு, உருகிய வெண்ணெய், மேலே காகிதம் போலச் சீவிய டிரஃபிள், அவ்வளவுதான். வெண்ணெயைப் பழுப்பாகக் காய்ச்சினாலோ பார்மிஜானோ பாலாடைக்கட்டியை அள்ளித் தூவினாலோ மணம் அடங்கிவிடும். கொழுப்புதான் மணத்தைச் சுமக்கிறது. அதனால் எளிய பொரித்த முட்டையின் மேல் அது தயரினைவிட நன்றாகப் பேசும், செலவும் குறைவு. டிரஃபிள் எண்ணெய் என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் இருப்பது ஆய்வகத்தில் செய்த ஒற்றை மணச் சேர்மம். டிரஃபிளின் நூறு சாயலில் ஒன்றைப் பிடித்துக் கத்தவிடுவது போல அது இருக்கும். பட்டியலில் எல்லா உணவின் மேலும் டிரஃபிள் மணம் அடித்தால், சமையலறையில் பாட்டில் திறந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

சொந்தமாக வாங்க ஆல்பா சந்தை பாதுகாப்பான இடம். விற்பனைக்கு வரும் டிரஃபிள்களை அங்கே நடுவர்கள் முகர்ந்து, தொட்டுப் பார்த்து அனுமதிக்கிறார்கள். எடுத்து அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக, லேசான மீள்தன்மையோடு இருக்க வேண்டும். கல்போல இருந்தால் பழுக்கவில்லை, மெத்தென்றிருந்தால் அழுகத் தொடங்கிவிட்டது. தேன், பூண்டு, ஈர வைக்கோல், மண் எல்லாம் கலந்து வர வேண்டும். அம்மோனியா நெடி அடித்தால் திருப்பிக் கொடுங்கள். குழிகளில் மண் அடைத்திருந்தால் எடை கூடும், அதைச் சுத்தம் செய்து நிறுக்கச் சொல்லலாம். அறைக்கு வந்ததும் சமையலறைக் காகிதத்தில் சுற்றி, கண்ணாடிச் சாடியில் மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள். அரிசியில் புதைத்து வைப்பது தவறு, அரிசி ஈரத்தை உறிஞ்சி டிரஃபிளைக் காயவைத்துவிடும். அதே சாடியில் இரண்டு முட்டைகளை வைத்தால் ஓட்டைத் தாண்டி மணம் ஏறும். ஐந்து நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும்.

டிரஃபிள் தேடும் நடைக்கு ஆளுக்குப் பல பத்து யூரோ கேட்கிறார்கள். நாய்க்காக மட்டுமே அது தகும். ஓக், பாப்லர், வில்லோ மரங்களின் அடியில் நாய் மோப்பம் பிடித்து நிற்பதும், திரிஃபொலாவ் எனப்படும் தேடுநர் சிறு மண்வெட்டியால் தோண்டி எடுத்துக் குழியைத் திரும்ப மூடுவதும் அழகான காட்சி. 1985 டிசம்பரில் வந்த சட்டப்படி பயிற்சி பெற்ற நாயைக் கொண்டுதான் தேடலாம். பன்றிகள் படங்களோடு சரி. இத்தாலியின் டிரஃபிள் தேடும் மரபை 2021இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் உண்மையான தேடல் இருட்டில், யாருக்கும் தெரியாத இடத்தில் நடக்கும். பகல் பதினொரு மணிக்குப் பயணிகள் முன் கிடைப்பது முன்கூட்டியே புதைத்து வைத்ததாகவும் இருக்கலாம். நாய் கால் மணி நேரத்தில் மூன்று டிரஃபிள் எடுத்தால் சந்தேகப்படலாம். ஒரு மணி நேரம் அலைந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பும் நடைதான் பெரும்பாலும் நேர்மையானது.

ஒயின் சுவைப்பில் ஒரு நாளைக்கு இரண்டு கூடங்களே அளவு. காலை 10 மணிக்கு ஒன்று, மதியம் 3 மணிக்கு ஒன்று. முன்பதிவு இல்லாமல் போய்க் கதவைத் தட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பல கூடங்கள் மூடியிருக்கும். கட்டணம் 20 முதல் 40 யூரோ, பாட்டில் வாங்கினால் சில இடங்களில் கழித்துக்கொள்வார்கள். வரிசை தொல்செத்தோ, பார்பேரா, லாங்கே நெபியோலோ, பார்பரெஸ்கோ, பரோலோ என்று ஏற வேண்டும். நெபியோலோவின் துவர்ப்பு ஈறைப் பிடித்து இழுக்கும், அதற்குப் பிறகு தொல்செத்தோவைச் சுவைத்தால் வெறும் நீராகத் தெரியும். ஏறக்குறைய 5 சதவீத ஆல்கஹால் மட்டும் உள்ள மொஸ்காத்தோ தாஸ்தி கடைசியில், கேக்கோடு. துப்புவதற்குக் குடுவை வைத்திருப்பார்கள், துப்புவது அங்கே தொழில் ஒழுங்கு.

பரோலோவும் பார்பரெஸ்கோவும் ஒரே நெபியோலோ திராட்சைதான். பரோலோவைச் சட்டப்படி அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் 38 மாதம் முதிரவிட வேண்டும், அதில் 18 மாதம் மரத்தொட்டியில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், மரத்தில் 9. எனவே 2021 அறுவடையின் பரோலோ 2025 ஜனவரியில்தான் கடைக்கு வந்தது. பரோலோ 11 ஊர்களில் விளைகிறது. லா மோர்ரா பக்கத்து ஒயின் இளமையிலேயே மணம் விரியும், செர்ரலுங்கா தால்பா பக்கத்தது இறுக்கமாக இருக்கும், பத்தாண்டுக்குக் குறைந்து வாய் திறக்காது. வீட்டில் வைக்க நிலவறை இல்லாதவர்கள் இளம் செர்ரலுங்கா பாட்டிலை 60 யூரோ கொடுத்து வாங்கி அடுத்த மாதமே திறப்பது வீண்செலவு. அவர்களுக்கு 15 முதல் 25 யூரோவுக்கு அதே கூடத்தின் லாங்கே நெபியோலோ, அல்லது பார்பரெஸ்கோ கூட்டுறவுச் சங்கமான ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோவின் அடிப்படைப் பாட்டில். 1958இல் உருவான இந்தச் சங்கம் பார்பரெஸ்கோ ஒன்றை மையமாக வைத்து இயங்குவது, விலைக்கு இதைப் போலத் தரம் அரிது. இளம் பாட்டிலைத் திறக்கத்தான் வேண்டுமென்றால் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே குடுவையில் ஊற்றி, 16 முதல் 18 பாகை செல்சியஸில் பரிமாறுங்கள்.

கூடம் கூடமாக அலைய நேரமில்லாதவர்களுக்குப் பரோலோ கோட்டைக்குள் இருக்கும் வட்டார ஒயினகமும், பார்பரெஸ்கோவில் பழைய சான் தொனாத்தோ தேவாலயத்தில் இருக்கும் ஒயினகமும் உண்டு. பல தயாரிப்பாளர்களின் ஒயினைச் சிறு அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைக்கலாம். முதல் நாளே இங்கே போய், பிடித்ததைக் குறித்துக்கொண்டு, பிறகு அந்தக் கூடத்துக்கு முன்பதிவு செய்வது நல்ல வழி.

கார் இல்லாமல் இந்தப் பயணம் கடினம். தூரினிலிருந்து ஆல்பா வரை ரயில் வரும், அதற்கு மேல் குன்றுக் கிராமங்களுக்குப் பேருந்து குறைவு, டாக்ஸியை முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். ஓட்டுபவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவருக்குப் பூஜ்யம். தானரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் காலை மூடுபனி அடர்ந்திருக்கும், மேலே லா மோர்ராவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பத்து மணிக்கு முன் கீழே இறங்காதீர்கள். லா மோர்ராவிலிருந்து பரோலோவுக்குத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் நடைபாதையில், 1999இல் கலைஞர்கள் சோல் லெவிட்டும் டேவிட் டிரெம்லெட்டும் வண்ணம் தீட்டிய ப்ரூனாத்தே சிற்றாலயம் வரும். இறங்குமுகமாக நடங்கள். மழைக்குப் பிறகு அந்தக் களிமண் காலணியில் அப்பி ஒவ்வொரு காலையும் ஒரு கிலோ கனமாக்கும், கணுக்கால் வரை வரும் காலணி தேவை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்ததும் ஐந்தரை மணிக்குள் இருட்டிவிடும்.

உணவகங்களில் மதியச் சாப்பாடு 12:30க்குத் தொடங்கி 2 மணிக்கு முடியும், இரவு 7:30க்கு முன் கதவு திறக்காது. செவ்வாய், புதன் பல இடங்களில் விடுமுறை. பில்லில் கொப்பெர்த்தோ என்று ஆளுக்கு 2, 3 யூரோ வருவது மேசைக்கும் ரொட்டிக்குமான வழக்கமான கட்டணம்.

திரும்பும்போது ஒரு பாட்டில் ஏறக்குறைய 1.3 கிலோ என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆறு பாட்டில் 8 கிலோ. கூடங்களில் விற்கும் நுரைப்பெட்டியில் வைத்துச் சரக்குப் பெட்டியோடு அனுப்புங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். டிரஃபிளைத் துணிகளோடு வைத்தால் பெட்டி முழுக்க அதன் மணம் ஏறி வாரக்கணக்கில் போகாது, சாடியின் வாயை நாடாவால் ஒட்டிவிடுங்கள். ஹேசல்நட் கேக்கை மட்டும் கையில் எடுத்துச் செல்லலாம். பண்ணையில் கடைசி நாள் காலை சுட்டதைக் கேட்டு வாங்கினால் ஒரு வாரம் தாங்கும்.